தென்னகத் திரையின் தந்தை

மோட்டார் உதிரிப்பாகத் தொழிலால் வாழும் அம்பத்தூர் வட்டாரத்தாராகிய நாம், அதே வணிகத்திலிருந்து கலையுலகம் புகுந்த ஆர். நடராஜ முதலியாரை அறிவோமா?

1885-இல் வேலூரில் பிறந்த அவர், புனாவில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்னும் ஆங்கிலேயரிடம் ஒளிப்பதிவு கற்றார். சென்னை மில்லர்ஸ் சாலையில் நிலையம் கண்டு, தென்னகத்தின் முதல் மௌனக் கதைப்படமான ‘கீசக வத’த்தை உருவாக்கினார். தயாரிப்பு, இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு அனைத்தும் அவரே!

படம்பிடித்தால் போதுமா? பிலிமைக் கழுவ வேண்டுமே! வெப்பத்தில் அதன் ஜெலாட்டின் பூச்சு இளகும். எனவே குளிர்ந்த பெங்களூரில் ஆய்வகம் அமைத்து, வாரந்தோறும் சென்று கழுவினார். வெட்டி ஒட்டிப் படத்தை முடித்தார்.

மகனை இழந்த துயரால் 1923-இல் திரைத்தொழிலைத் துறந்தவர், 1971-இல் மறைந்தார். அப்படத்தின் ஒரு பிரதியும் இன்றில்லை. முடிப்பது கலைஞன் கடமை; காப்பது நம் கடமையன்றோ!