ரிச்சர்ட் கூன்: நிறமி ஆய்வும் நாஜி ஆட்சியும்

காரட்டின் செம்மஞ்சள், முட்டைக் கருவின் மஞ்சள், வேகவைத்த சிங்க இறாலின் சிவப்பு ஆகிய மூன்றுக்கும் காரணம் கரோட்டினாய்டுகள் எனப்படும் ஒரே நிறமிக் குடும்பம். தாவரங்கள் இவற்றைத் தாமே உருவாக்குகின்றன. விலங்குகளில் ஏறத்தாழ அனைத்தும் உணவின் வழியாகவே பெறுகின்றன. இக்குடும்பத்தின் உறுப்பினர்களைத் தனித்தனியே பிரித்து அடையாளம் கண்டவர்களுள் முக்கியமானவர் ரிச்சர்ட் கூன்.

1900இல் வியன்னாவில் பிறந்த கூன், மியூனிக்கில் யூத வேதியியலாளர் ரிச்சர்ட் வில்ஸ்டேட்டரிடம் பயின்று 1922இல் முனைவர் பட்டம் பெற்றார். பல்கலைக்கழகத்தில் நிலவிய யூத எதிர்ப்பைக் கண்டித்து 1924இல் பதவி துறந்தவர் வில்ஸ்டேட்டர். ஆசிரியரின் அந்த வழியில் மாணவர் செல்லவில்லை.

1929 முதல் ஹைடல்பர்க்கிலுள்ள கைசர் வில்ஹெல்ம் மருத்துவ ஆய்வுக்கழகத்தின் வேதியியல் பிரிவுக்குக் கூன் தலைமை தாங்கினார். ரஷ்யத் தாவரவியலாளர் மிகைல் ட்ஸ்வெட், தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் இலைச்சாற்றை ஊற்றி, நிறங்களைப் பட்டை பட்டையாகப் பிரிக்கும் முறையை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வகுத்திருந்தார். வேதியியலாளர்கள் அதைப் பெரும்பாலும் பொருட்படுத்தவில்லை. 1931இல் கூனும் அவரது இளம் உதவியாளர் எட்கர் லெடரரும் அம்முறையைக் கையாண்டு, ஒரே பொருளாகக் கருதப்பட்டுவந்த கரோட்டினில் ஆல்ஃபா, பீட்டா என இரு வகைகள் இருப்பதை நிறுவினர். உடலில் வைட்டமின் ஏ உருவாவதற்கு முக்கிய மூலப்பொருள் பீட்டா கரோட்டின்தான்.

யூதரான லெடரர், ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இலேயே பிரான்சுக்கு வெளியேற நேர்ந்தது. கூனோ, 1936இல் தம்முடன் பணியாற்றிய மூன்று யூதர்களைக் காட்டிக்கொடுத்தார். மறு ஆண்டு அவர் ஆய்வுக்கழகத்தின் இயக்குநரானார்.

கரோட்டினாய்டு, வைட்டமின் ஆய்வுகளுக்காக 1938ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு 1939இல் அவருக்கு அறிவிக்கப்பட்டது. ஆனால், நாஜி எதிர்ப்பாளர் கார்ல் வொன் ஒசியட்ஸ்கிக்கு அமைதிப் பரிசு அளிக்கப்பட்டதால் சினமுற்ற ஹிட்லர், ஜெர்மானியர்கள் நோபல் பரிசு பெறுவதை 1937இலேயே தடைசெய்திருந்தார். கூன் பரிசை மறுக்கவேண்டியதாயிற்று. போருக்குப் பின்னர் பதக்கமும் சான்றிதழும் கிடைத்தன, பணம் கிடைக்கவில்லை. அவரை அந்த ஆட்சியால் பாதிக்கப்பட்டவராகக் காட்ட இது மட்டும் போதாது.

1944இல் அவரது ஆய்வுக்கூடத்தில்தான் சோமன் என்ற நரம்பு நச்சு கண்டறியப்பட்டது. நரம்புச் சைகைகளைக் கட்டுப்படுத்தும் நொதியை முடக்கி, மூச்சை நிறுத்திக் கொல்லும் இந்த நச்சு, 1997இல் நடைமுறைக்கு வந்த இரசாயன ஆயுத உடன்படிக்கையின் கீழ் தடைசெய்யப்பட்டுள்ளது.

போருக்குப் பின்னரும் கூன் மதிப்புடனேயே வாழ்ந்து, 1967இல் ஹைடல்பர்க்கில் காலமானார். அவரது பெயரில் வழங்கிவந்த பதக்கத்தை இனி வழங்குவதில்லை என்று ஜெர்மன் வேதியியலாளர் சங்கம் முடிவெடுத்தது 2005இல்தான்.