பூசணத்தில் மருந்து கண்டவர்

நாஞ்சில் நாடு தென்மேற்கு, வடகிழக்குப் பருவமழைகள் இரண்டையும் பெறும் பேறு வாய்ந்தது. மழைநாள்களில் ஈரம் தங்கும் வீடுகளில் பூசணம் படர்தலை நாம் காண்கின்றோம். ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலில் பச்சைப் பூசணமும், பழைய ரொட்டியில் வெண்ணூல்போற் படர்ந்து கரும்புள்ளி கொள்ளும் பூசணமும், நன்கு உலராத கொப்பரையில் மஞ்சளும் பச்சையும் கலந்த பூசணமும், நீர் கசியும் சுவரில் கரும்பூசணமும் தோன்றும். அவற்றின் நுண்வித்துகள் காற்றில் மிதந்து, ஈரமும் உணவும் வாய்த்த இடத்தில் முளைக்கின்றன. யாவரும் அருவருத்துத் துடைத்தெறியும் இதனை உற்றுநோக்கி, உயிர்காக்கும் மருந்துக்கு வழிகண்டவர் அலெக்சாண்டர் பிளெமிங் ஆவார்.

இவர் 1881ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6ஆம் நாள் ஸ்காட்லாந்தில் உழவர் குடியிற் பிறந்தார். ஏழாண்டுப் பருவத்தில் தந்தையை இழந்தார். இளமையில் இலண்டனில் கப்பல் வாணிக நிலையமொன்றில் எழுத்தராயிருந்து, பின்னர்த் தூய மேரி மருத்துவமனைக் கல்லூரியிற் பயின்று மருத்துவரானார். முதல் உலகப்போரில் பிரான்சு நாட்டில் பணிபுரிந்த காலை, வீரர் பலர் புண்ணிற் புகுந்த கிருமிகளால் மாள்வது கண்டு உள்ளம் நொந்தார். அன்று வழங்கிய கிருமிக்கொல்லிகள் ஆழ்ந்த புண்களில் உடலின் காவலணுக்களையே அழித்தன. உடலுக்கு ஊறு செய்யாது கிருமியை மட்டும் கொல்லும் பொருளை அவர் தேடலானார்.

1928ஆம் ஆண்டு செப்டம்பரில் விடுமுறை கழித்துத் திரும்பியவர், கிருமி வளர்த்த தட்டொன்றில் பூசணம் படிந்திருக்கக் கண்டார். அதனைச் சூழ்ந்த கிருமிகள் கரைந்து மறைந்திருந்தன. பாழாயிற்றென்று தட்டை எறியாது, அவர் காரணத்தை ஆராய்ந்தார். பூசணம் சுரந்த பொருளுக்குப் பெனிசிலின் எனப் பெயரிட்டு, 1929இல் வெளியிட்டார். ஆயினும் அதனைத் தூய்மைப்படுத்த அவரால் இயலவில்லை.

ஆக்ஸ்போர்டில் புளோரி, செயின் முதலியோர் அதனை மருந்தாக்கினர். 1941இல் அம்மருந்து பெற்ற காவலர் ஒருவர் தேறி வந்தும், மருந்து தீர்ந்தமையால் உயிர் நீத்தார். 1943இல் அமெரிக்காவின் பியோரியா நகரச் சந்தையிற் கிடைத்த பூசணம் பிடித்த முலாம்பழம் ஒன்று, மருந்தை மிகுதியாகத் தரும் பூசண வகையை அளித்தது. நம் நாட்டிலும் பெனிசிலின் செய்தற்கென, பூனாவை அடுத்த பிம்பிரியில் 1954இல் அரசு நிறுவனம் தோன்றியது.

பிளெமிங், புளோரி, செயின் மூவரும் 1945இல் நோபல் பரிசு பெற்றனர். மருந்தை அளவிற் குறைத்துண்டால் கிருமிகள் அதற்கு அஞ்சாத வலிமை பெறும் என்று பிளெமிங் அன்றே எச்சரித்தார். அவ்வச்சம் இன்று மெய்யாகி, மருத்துவ உலகை வருத்துகின்றது. அவர் 1955ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள் மறைந்தார்.

மாணவர்களே! பூசணம் கண்ட இடமெல்லாம் மருந்து உண்டென்று கருதற்க. கொப்பரையிலும் நிலக்கடலையிலும் படரும் சில வகை ஈரலைக் கெடுக்கும் நஞ்சுடையன, அவற்றை விலக்குக. ஆனால், எதனையும் எறியுமுன் ஒருகணம் உற்றுநோக்கும் பண்பைப் பிளெமிங்கிடம் கற்றுக்கொள்க.