புகையை விரட்டிய குமரப்பா

குழந்தைகளே! கயத்தாறு பக்கத்துக் கிராமங்களில் விறகடுப்பு எரிவதைப் பார்த்திருப்பீர்கள். ஊதுகுழலால் ஊதும் பாட்டியின் கண்கள் ஏன் சிவக்கின்றன? புகைதான் காரணம். அது நுரையீரலையும் கெடுக்கும். கைக்குழந்தைக்கு நிமோனியாகூட வரலாம். இதற்கு வழி தேடிய ஒரு தமிழரைத் தெரிந்துகொள்வோமா?

அவர் ஜே.சி. குமரப்பா. 1892 ஜனவரி 4-ல் தஞ்சாவூரில் பிறந்தார். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, பம்பாயில் தொழில் செய்தார். அமெரிக்காவில் பொருளாதாரமும் படித்தார். 1929-ல் காந்தியடிகளைச் சந்தித்தார். கோட்டும் சூட்டும் போய்க் கதர் வந்தது!

1934-ல் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் தொடங்கியது. வார்தாவில், மகன்லால் காந்தியின் நினைவாகப் பெயர் பெற்ற மகன்வாடியில் அதைக் குமரப்பா நடத்தினார். செக்கு, கைக்காகிதம், பனைவெல்லம் ஆகியவற்றோடு ஏழை வீட்டு அடுப்பையும் சங்கம் கவனித்தது. அங்கே உருவானதுதான் 'மகன் சூலா' என்னும் மண் அடுப்பு. சூடான புகை மேலே எழும் அல்லவா? அதைப் புகைபோக்கி வழியே வெளியே அனுப்பிவிடும்.

கடைசிக் காலத்தில் மதுரை மாவட்டம் கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் வாழ்ந்த குமரப்பா, 1960 ஜனவரி 30-ல், காந்தியடிகளின் நினைவு நாளிலேயே மறைந்தார்.

உங்கள் வீட்டிலும் விறகடுப்பா? பெரியவர்கள்தான் பற்ற வைக்க வேண்டும். நீங்கள் ஜன்னலைத் திறந்து வையுங்கள். முன்கூட்டியே சாம்பலை அள்ளிவிட்டால் காற்று நன்றாகப் புகும். முதலில் காய்ந்த சுள்ளி, பிறகு விறகு. ஈர விறகு புகையும். மண்ணெண்ணெய் ஊற்றவே கூடாது. தீ குப்பென்று முகத்தில் பாயும். பாட்டியிடம் இன்றே சொல்வீர்கள்தானே?