வார்லி மக்களின் விலங்கொடித்த கோதாவரி பருலேகர்

சட்டம் ஏட்டில் இருப்பது வேறு; அது ஏழையின் குடிசை வாசலை எட்டுவது வேறு. ஒருவரை அவரது விருப்பத்துக்கு மாறாகச் சட்டவிரோதமாக வேலை வாங்குவது குற்றம் என்று 1860 ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டக்கோவை கூறியிருந்தது. எனினும், 85 ஆண்டுகள் கடந்த பின்னரும் பம்பாய் நகருக்கு வடக்கே, அன்றைய தானே மாவட்டத்தில், வார்லி பழங்குடி மக்கள் கூலியின்றி அடிமைகளாக உழைத்துக்கொண்டிருந்தனர். ஏட்டுக்கும் குடிசைக்கும் இடையிலான அந்தத் தூரத்தைக் குறைப்பதற்காக அரை நூற்றாண்டைச் செலவிட்டவர் கோதாவரி பருலேகர்.

1907 ஆம் ஆண்டு புனேயில் வசதி படைத்த சட்டத்தரணி ஒருவரின் மகளாகப் பிறந்த அவர், மகாராஷ்டிராவின் முதலாவது பெண் சட்டப் பட்டதாரி என்ற பெருமைக்குரியவர். வழக்காடிப் பொருளீட்டும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. ஆனால், சுதந்திரப் போராட்டத்தில் இறங்கி 1932 இல் சிறை சென்றார். குடும்பத்தின் அதிருப்திக்கு ஆளாகிப் பம்பாய் சென்ற அவர், இந்திய ஊழியர் சங்கத்தில் இணைந்து அதன் முதலாவது பெண் ஆயுள் அங்கத்தவரானார். முதியோருக்கு எழுத்தறிவூட்டுவதிலும் வீட்டுப் பணியாளர்களை அமைப்பாக்குவதிலும் ஈடுபட்டார். 1939 இல் சங்கத்தின் சக ஊழியரான சாம்ராவ் பருலேகரைக் கரம்பிடித்தார். பின்னர் இருவரும் கம்யூனிஸ்ட் கட்சியின் விவசாய இயக்கத்தில் முன்னணியில் நின்றனர்.

1945 ஜனவரியில் தித்வாலாவில் நடைபெற்ற விவசாயிகள் மாநாட்டுக்கு வார்லிகள் சிலர் வந்திருந்தனர். அவர்கள் வாயிலாகவே அம்மக்களின் அவலம் கோதாவரிக்குத் தெரியவந்தது. ஒரு காலத்தில் தமக்குரியதாயிருந்த காணிகளை வட்டிக்காரரிடமும் நிலவுடைமையாளரிடமும் இழந்த அவர்கள், அதே காணிகளில் கூலியின்றி உழுதனர். திருமணச் செலவுக்காகச் சிறு தொகையைக் கடன் பெறும் இளைஞன், கைப்பிடித்த மனைவியுடன் சேர்த்து வாழ்நாள் முழுவதும் அடிமையானான். கடன் ஒருபோதும் தீராது. பெண்களின் நிலையோ இன்னும் கொடியது. உழைப்பு மாத்திரமன்றி, அவர்களது உடலும் நிலவுடைமையாளரின் உடைமையாகவே கருதப்பட்டது.

இந்நிலையில் நீதிமன்றத்தை நாடியிருந்தால் பயன் விளைந்திருக்குமா? எசமானின் முன் நிமிர்ந்து நிற்கவே அஞ்சும் ஒருவர் சாட்சிக் கூண்டில் ஏறப்போவதில்லை. அச்சத்தைப் போக்குவதே முதற்கடமை என்பதைச் சட்டம் பயின்ற அப்பெண்மணி உணர்ந்தார். கிராமம் கிராமமாக நடந்தார். குடிசைகளில் தங்கி, அவர்கள் உண்டதையே உண்டார். 1945 மே மாதம் ஜரி கிராமத்தில் ஏறத்தாழ 5,000 பேர் கூடி, இனிக் கூலியின்றி உழைப்பதில்லை எனத் தீர்மானித்தனர். தொடர்ந்து, திருமண அடிமைகள் ஊர் ஊராக விடுவிக்கப்பட்டனர்.

இதற்கு அம்மக்கள் கொடுத்த விலை பெரிது. 1945 அக்டோபர் 10 ஆம் திகதி தல்வாடாவில் திரண்டிருந்தவர்கள் மீது பொலிஸார் மேற்கொண்ட துப்பாக்கிச் சூட்டில் ஜேட்யா காங்கட் உட்பட ஐவர் உயிரிழந்தனர். பருலேகர் தம்பதியர் மாவட்டத்தினுள் நுழையவும் தடை விதிக்கப்பட்டது. ஆயினும், ஒருமுறை நிமிர்ந்த தலைகள் மீண்டும் குனியவில்லை.

சுதந்திர இந்தியாவிலும் அவருக்குச் சிறைவாசம் காத்திருந்தது. 1965 இல் சாம்ராவ் சிறையிலேயே காலமானார். அத்துயரைத் தாங்கிக்கொண்டு பணியைத் தொடர்ந்த கோதாவரி, வார்லிகளின் எழுச்சியை மராத்தியில் நூலாக்கினார். அந்நூலுக்கு 1972 இல் சாகித்திய அகாடமி விருது கிடைத்தது. 1986 இல் அகில இந்திய விவசாயிகள் சங்கத்தின் தலைவராகத் தெரிவான அவர், 1996 ஒக்டோபர் 8 ஆம் திகதி மறைந்தார்.

கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் இந்தியாவில் 1976 இல் நிறைவேறியது. வனவாசிகளின் காணி உரிமையை ஏற்கும் சட்டம் 2006 இல் வந்தது. மணமானவர்களுக்கான காணி உரிமை கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதியப்பட வேண்டும் என அச்சட்டம் விதித்துள்ளது. கணவனின் கடனுக்காக மனைவியும் அடிமையான மண்ணில், கணவனுக்குச் சமமாக மனைவிக்கும் காணியில் உரிமை என்பது சாதாரண மாற்றமன்று. அதனைக் காணக் கோதாவரி உயிருடன் இருக்கவில்லை.

எனினும், அச்சட்டத்தை முறையாக நடைமுறைப்படுத்துமாறு கோரி 2018 மார்ச்சில் பழங்குடிப் பெண்கள் உட்படப் பல்லாயிரக்கணக்கான விவசாயிகள் நாசிக்கிலிருந்து மும்பைக்குக் கால்நடையாகச் செல்ல வேண்டியிருந்ததையும் நாம் மறத்தலாகாது. சட்டத்தை இயற்றுவோர் பலர். அதனைக் கையிலெடுத்துக்கொண்டு குடிசை வாசல்வரை நடப்போர் சிலரே. அந்தச் சிலர் இல்லையேல் எந்தச் சட்டமும் வெறும் காகிதமே என்பதைத்தான் கோதாவரியின் வாழ்வு எமக்கு உணர்த்தி நிற்கின்றது.