நாமகிரித் தாயாரும் துறைமுகக் குமாஸ்தாவும்

வியாசர்பாடியிலிருந்து பேசின் பிரிட்ஜ் வழியாகச் சென்னைத் துறைமுகத்துக்கு நாள்தோறும் மிதிவண்டியில் சென்று வந்தவர் என் தந்தை. அங்கே சரக்குக் கணக்கெழுதுவது அவர் பணி. தமக்குப் பல்லாண்டுகள் முன்பு அதே துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த ஒருவரைப் பற்றி, மூத்த சக ஊழியரைக் குறிப்பிடுவதுபோலப் பெருமிதத்துடன் பேசுவார். கணிதமேதை ராமானுஜனை நான் முதன்முதலில் அறிந்தது அவ்வாறுதான்.

1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர் ராமானுஜன். நாமக்கல் நாமகிரித் தாயாரிடம் குடும்பத்தார் அனைவருக்கும் ஆழ்ந்த பக்தி. ஆயினும் அந்த அருள் இளமையில் அவருக்கு எதையும் எளிதாக்கிவிடவில்லை. கணிதம் தவிர்த்த பாடங்களில் கவனமின்றிக் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். பின்னர் பச்சையப்பன் கல்லூரியில் பயின்றும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. காகிதம் வாங்கக் கட்டுப்படியாகாததால் சிலேட்டில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவுகளை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தார். நிரூபணங்கள் இல்லாத அந்த நோட்டுகளுக்குப் பின்னால் இருந்த காரணங்களுள் ஒன்று காகிதத்தின் விலை. பொருளியல் கற்பித்தவன் என்பதால் இதை என்னால் கடந்துபோக முடிவதில்லை.

1912 மார்ச் 1 அன்று மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் துறைமுகக் கழகத்தில் சேர்ந்தார். அங்கிருந்த தலைமைக் கணக்கர் நாராயண ஐயரும் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அவருடைய மேதைமையை மதித்தனர். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அழைப்பு வந்தது. ஆனால் கடல் கடப்பது ஆசாரத்துக்கு விரோதம் எனத் தாய் கோமளத்தம்மாள் மறுத்தார். பின்னர் நாமகிரித் தாயாரே கனவில் தோன்றி, மகனுக்குக் குறுக்கே நிற்கவேண்டாம் எனக் கட்டளையிட்டதாகவும், ராமானுஜனே நாமக்கல் கோயிலில் மூன்று இரவுகள் தங்கி உத்தரவு பெற்றதாகவும் கூறுவர். 1914 மார்ச் 17 அன்று நெவாசா என்ற கப்பல் அவரைச் சுமந்துகொண்டு புறப்பட்டது.

தெய்வமே அனுப்பிவைத்த பயணம் என்றால், அது ஏன் அப்படி முடிந்தது? முதல் உலகப் போர், மரக்கறி உணவுக்குத் தட்டுப்பாடு, குளிர், தனிமை. 1917-இல் நோயில் விழுந்தார். 1918 தொடக்கத்தில் மனம் உடைந்து லண்டனில் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று காப்பாற்றப்பட்டார். இதைப் பலர் எழுதாமல் விட்டுவிடுகின்றனர். விடக்கூடாது என்பது என் கருத்து. நம்பிக்கை உடையவருக்கும் அத்தகைய இரவு வரும். சில மாதங்களில் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

1919-இல் தாயகம் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் காலமானார். வயது 32. காசநோய் என்றே அன்று சிகிச்சை அளித்தனர். கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருந்திருக்கலாம் என்றும், அது அக்காலத்திலேயே குணப்படுத்தக்கூடியது என்றும் பிற்கால ஆய்வாளர் ஒருவர் வாதிட்டிருக்கிறார்.

அவ்வரியைப் படித்த அன்று புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். என் தம்பியும் 32 வயதில்தான் போனான். காய்ச்சல்தான். என்ன நோயென்று கண்டறிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அது 1994-ஆம் ஆண்டு. ராமானுஜனுக்குப் பின் தையல் வேலையாலும் சிறு ஓய்வூதியத்தாலும் 74 ஆண்டுகள் வாழ்ந்த அவர் மனைவி ஜானகி அம்மாள் மறைந்ததும் அதே ஆண்டில்தான்.

இறுதி ஆண்டில் படுக்கையில் இருந்தபடியே ராமானுஜன் எழுதிய தாள்களை 1976-இல் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் அமெரிக்கக் கணித அறிஞர் ஆண்ட்ரூஸ் கண்டெடுத்தார். நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்கள். அவற்றில் உள்ள ஒருவகைச் சார்புகள் இன்று கருந்துளை ஆய்வில் பயன்படுகின்றன. இதற்காகத்தான் அந்த மரணம் என்று எவரேனும் கூறினால் நான் ஏற்கமாட்டேன். தம்பி எந்தத் தாளையும் விட்டுச் செல்லவில்லை. ராமானுஜனின் பக்தி வெறும் ஆசாரமே எனக் கருதினார் நாத்திகரான ஹார்டி. அவரை அறிந்த நம்மவர் அதை மறுத்தனர். இறுதிவரை கணக்கிட்டுக்கொண்டிருந்தார் என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் ஐயமில்லை.

தம்பி போன பின்பும் என் தாய் ஞாயிறுதோறும் வியாசர்பாடி இரவீஸ்வரர் கோயிலில் விளக்கேற்றுவதை நிறுத்தவில்லை. எதற்காக இன்னும் என்று ஒருமுறை கோபத்தோடு கேட்டேன். பதில் சொல்லவில்லை. நல்லெண்ணெய் தீர்ந்துவிட்டது, கடைக்குப் போய் வா என்றார். போனேன்.