அடிமைப் பெண் தைத்த அற்புதப் போர்வை

தேர்த் திருவிழாவுக்குப் போகிறவர்கள் தேரைச் சுற்றித் தொங்கும் தொம்பைகளைப் பார்க்காமல் வரமாட்டார்கள். கண்டமங்கலத்துக்குப் பக்கத்திலுள்ள வில்லியனூர்த் தேரானாலும் சரி, திருவாரூர் ஆழித்தேரானாலும் சரி, தொம்பை தொங்கினால்தான் தேருக்கு அழகு. யாளி, மயில், பூ என்று வண்ணத் துணிகளை வெட்டி, இன்னொரு துணியின்மேல் வைத்துத் தைப்பது அந்த வேலை. தூரிகை இல்லை, வர்ணக் குழம்பு இல்லை. கத்தரிக்கோலும் ஊசியும் நூலுமே அங்கே சித்திரம் எழுதுகின்றன.

இதைப் போன்ற கலையைக் கடலுக்கு அப்பால், அமெரிக்காவில், ஒரு கறுப்பினப் பெண்மணி கையாண்டார். அவர் அடிமையாகப் பிறந்தவர். கட்டிலில் விரிக்கும் போர்வையிலே அவர் உலகத்தின் கதையைத் தைத்தார். அவர் தைத்த சித்திரப் போர்வைகளில் இரண்டுதான் இன்று மிஞ்சியிருக்கின்றன. இரண்டையும் அந்த நாட்டின் பெரிய காட்சிச்சாலைகள் பொக்கிஷம்போல் காத்து வருகின்றன.

அவர் பெயர் ஹாரியட் பவர்ஸ்.

பருத்திச் சீமையில் பிறப்பு

அமெரிக்காவின் தெற்குப் பகுதியில் ஜார்ஜியா என்று ஒரு மாநிலம் உண்டு. அங்கே ஏதென்ஸ் என்ற ஊருக்கு அருகில் 1837-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ந் தேதி ஹாரியட் பிறந்தார்.

அது பருத்தி விளையும் சீமை. விதைப்பதும் களை எடுப்பதும் பஞ்சு பறிப்பதும் அடிமைகளின் வேலை. ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து விற்கப்பட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே கூலியின்றி உழைத்தார்கள். ஆடுமாடுகளைப் போல அவர்களுக்கு விலை பேசினார்கள். தாயை ஒருவரிடமும் பிள்ளையை இன்னொருவரிடமும் விற்பதும் உண்டு.

அடிமைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுப்பது குற்றம் என்று ஜார்ஜியாவில் 1829-ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்திருந்தார்கள். எழுத்தறிந்தவன் செய்தி படிப்பான், உலகம் தெரிந்துகொள்வான், அடங்கி இருக்கமாட்டான் என்ற பயமே காரணம்.

ஆனால் ஊசிக்குத் தடை இல்லை. தையல் தெரிந்த அடிமைப் பெண்கள் எசமானர் வீட்டுக்கு வேண்டியிருந்தார்கள். ஹாரியட்டின் கைக்கும் ஊசி வந்து சேர்ந்தது.

1855-இல் அவருக்கும் ஆர்ம்ஸ்டெட் பவர்ஸ் என்பவருக்கும் மணம் நடந்தது. ஒன்பது பிள்ளைகளுக்குக் குறையாமல் அவர்களுக்குப் பிறந்தன.

1861-இல் அமெரிக்காவின் வடக்கும் தெற்கும் மோதிக்கொண்டன. தெற்கே இருந்து இங்கிலாந்துக்குப் போகும் பஞ்சு நின்றது. அதனால் நம் நாட்டுப் பருத்திக்குத் திடீரென்று கிராக்கி ஏற்பட்டு விலை ஏறியது. நாலு வருஷம் நடந்த அந்தப் போர் 1865-இல் முடிந்தபோது அடிமை முறையும் முடிந்தது. இருபத்தேழு வயது ஹாரியட்டுக்கு விடுதலை கிடைத்தது.

விடுதலை கிடைத்ததே தவிர, கையில் காசு இல்லை. கணவனும் மனைவியும் பாடுபட்டார்கள். 1880-களில் நாலு ஏக்கர் நிலம் அவர்களுக்குச் சொந்தமாயிற்று. நேற்றுவரை தாங்களே இன்னொருவரின் உடைமையாக இருந்தவர்களுக்குச் சொந்த நிலம் என்பது சாதாரண விஷயம் அல்ல.

போர்வையில் ஒரு வேதம்

அந்த நாட்டில் குளிர்காலத்துக்குக் கெட்டியான போர்வை வேண்டும். மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவே பஞ்சு வைத்து, பஞ்சு நகராதபடி நெடுக நூல் ஓட்டித் தைப்பார்கள். புதுத் துணி வாங்க முடியாத வீடுகளில் மிஞ்சிய துண்டுகளை இணைத்து மேல்துணி ஆக்குவார்கள். நம் வீடுகளில் பழைய புடவைகளை அடுக்கித் தைத்துக் குழந்தைக்கு விரிப்பதைப் போலத்தான்.

ஹாரியட் இந்தப் போர்வையை எடுத்துக்கொண்டு புதிய காரியம் செய்தார். மேல்துணியைக் கட்டங்களாகப் பிரித்தார். ஒவ்வொரு கட்டத்திலும் ஆளும் விலங்கும் பறவையும் நட்சத்திரமுமாகத் துணியை வெட்டி வைத்துத் தைத்தார். கைத்தையலோடு தையல் இயந்திரத்தையும் பயன்படுத்தினார்.

சுமார் ஆறடிக்கு ஏழடி அளவுள்ள ஒரு போர்வையில் பதினோரு கட்டங்கள். ஏதேன் தோட்டத்தில் ஆதாமும் ஏவாளும் நிற்கிறார்கள். காயீன் தம்பி ஆபேலைக் கொல்கிறான். யாக்கோபு கனவில் ஏணியைக் காண்கிறான். யூதாஸைச் சுற்றி முப்பது வெள்ளிக்காசுகள். இயேசுவின் ஞானஸ்நானம், கடைசி இராப்போஜனம், சிலுவை எல்லாம் வரிசையாக வருகின்றன. கிறிஸ்தவ வேதத்தின் கதையையே ஒரு கட்டிலுக்குள் அடக்கிவிட்டார்.

1886-இல் ஏதென்ஸ் நகரில் பருத்திப் பொருட்காட்சி நடந்தது. அங்கே இந்தப் போர்வையும் வைக்கப்பட்டது. ஜென்னி ஸ்மித் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி அதைப் பார்த்தார். அவர் பெண்கள் கல்லூரி ஒன்றில் ஓவிய ஆசிரியை. பார்த்தவர் அங்கேயே நின்றுவிட்டார். போர்வைக்குச் சொந்தக்காரி யார் என்று தேடிப் போய், விலைக்குக் கேட்டார்.

எந்த விலைக்கும் கொடுப்பதற்கில்லை என்று ஹாரியட் மறுத்துவிட்டார்.

மாட்டு வண்டியில் வந்த மூட்டை

நாலைந்து வருஷங்கள் சென்றன. பவர்ஸ் குடும்பத்துக்குக் கஷ்ட காலம் வந்தது. பணமுடை கழுத்தை நெரித்தது. போர்வையை விற்பதாக ஹாரியட் சொல்லி அனுப்பினார். அந்தச் சமயம் ஜென்னியால் வாங்க முடியவில்லை. பிறகு 1891-இல் ஜென்னியே ஆள் அனுப்பினார்.

மாட்டு வண்டி வந்து நின்றது. ஹாரியட்டின் மடியில் ஒரு மூட்டை. போர்வையில் அழுக்குப் படக்கூடாதென்று மாவுச் சாக்கில் சுற்றி, அதற்கு மேலும் ஒரு சாக்குப் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

அவர் கேட்ட விலை பத்து டாலர். தம்மால் ஐந்து டாலர்தான் கொடுக்க முடியும் என்று ஜென்னி சொன்னார். ஹாரியட் வெளியே போய்க் கணவரிடம் கலந்து பேசினார். காலம் கெட்டுக் கிடக்கிறது, கிடைத்ததை வாங்கிக்கொள்வதே நல்லது என்று கணவர் சொல்ல, திரும்பி வந்து ஐந்து டாலருக்குச் சம்மதித்தார்.

ஆனால் மூட்டையைக் கொடுத்துவிட்டு உடனே போய்விடவில்லை. பதினோரு கட்டங்களையும் ஒவ்வொன்றாகக் காட்டி, இது இன்ன கதை, இவர் இன்னார் என்று விளக்கினார். வீட்டில் மிஞ்சும் துணித் துண்டுகளைச் சேர்த்து வைத்துத் தருவதாக ஜென்னி வாக்களித்தார். அதன் பிறகும் ஹாரியட் பலமுறை அந்த வீட்டுக்கு வந்தார். கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்க வரும் தாயைப்போலத் தம் போர்வையைப் பார்த்துவிட்டுப் போனார்.

ஹாரியட் சொன்ன விளக்கத்தை ஜென்னி எழுதி வைத்தார். அந்த ஒரு காரியத்தால்தான் போர்வையோடு ஹாரியட்டின் பெயரும் நிலைத்தது. அந்தக் காலத்தில் அடிமைப் பெண்கள் தைத்த போர்வைகள் எத்தனையோ இருந்தன. தைத்தவள் யார் என்று யாரும் கேட்டு எழுதாததால், துணி இருந்தும் பெயர் அழிந்துபோனவை பல.

வானம் எரிந்த இரவு

1895-இல் அட்லாண்டா நகரில் நடந்த பெரிய பொருட்காட்சியில் இந்தப் போர்வை வைக்கப்பட்டது. அதைப் பார்த்த சில பெண்மணிகள் இன்னொரு போர்வை தைத்துத் தரும்படி ஹாரியட்டைக் கேட்டதாகச் சொல்வார்கள். எப்படியோ, 1898-க்குள் இரண்டாவது போர்வை உருவாகிவிட்டது. அதில் பதினைந்து கட்டங்கள்.

இந்த முறை வேதக் கதைகளோடு அவர் நிறுத்தவில்லை. யோபு, மோசே, யோனா ஆகியோரின் பக்கத்தில், தம் நாட்டில் நடந்த அதிசயங்களையும் தைத்தார்.

1780 மே 19-ந் தேதி அமெரிக்காவின் வடகிழக்கில் பட்டப்பகலே இருண்டது. அது ஒரு கட்டம். காட்டுத் தீயின் புகையே அந்த இருட்டுக்குக் காரணம் என்று விஞ்ஞானிகள் கூறுகிறார்கள். 1833 நவம்பர் 13-ந் தேதி இரவு ஆயிரக்கணக்கான எரிநட்சத்திரங்கள் மழைபோல் பொழிந்தன. அது ஒரு கட்டம். உலகமே முடிந்தது என்று மக்கள் அன்று நடுங்கினார்கள். லியோனிட் என்னும் எரிநட்சத்திரக் கூட்டம் அது. சுமார் முப்பத்துமூன்று வருஷங்களுக்கு ஒருமுறை அது பெருகி வருவதுண்டு.

1833-இல் ஹாரியட் பிறக்கவே இல்லை. அவர் பிறந்த காலத்தில் பெரியவர்கள் வாய்க்கு வாய் சொல்லிவந்த கதை அது. காதால் கேட்டதை ஊசியால் எழுதி வைத்தார். 1895 பிப்ரவரியில் வந்த கொடுங்குளிரை அவரே கண்டவர். ஜனங்கள் நின்ற இடத்திலேயே உறைந்துபோனதையும் அதில் காட்டினார்.

இன்னொரு கட்டத்தில் ஒரு பன்றி ஓடுகிறது. அதன் பெயர் பெட்ஸ். யாருக்கும் கட்டுப்படாமல் ஜார்ஜியாவிலிருந்து வர்ஜீனியா வரை ஐந்நூறு மைல் ஓடிய பன்றி என்று ஹாரியட் அதற்கு விளக்கம் தந்தார். தப்பி ஓடிய அடிமைகளின் ஞாபகமே அந்தப் பன்றி வடிவில் வந்திருக்கிறது என்று கருதுவோர் உண்டு.

மேற்கு ஆப்பிரிக்காவில் முன்பு டஹோமி என்று ஓர் அரசு இருந்தது. இன்று அந்த நாட்டுக்குப் பெனின் என்று பெயர். அங்கேயும் துணியை வெட்டித் துணிமேல் தைத்து அரசர்களின் கதையைச் சொல்லும் கலை உண்டு. ஹாரியட்டின் உருவங்கள் அவற்றை ஒத்திருக்கின்றன என்று அறிஞர்கள் காட்டியிருக்கிறார்கள்.

எழுத்தும் தெரிந்தவர்

ஹாரியட்டுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, பிரசங்கத்தில் கேட்டதைத்தான் தைத்தார் என்று வெகுகாலம் எல்லாரும் எண்ணியிருந்தார்கள். 2009-இல் அந்த எண்ணம் மாறியது. 1896-இல் அவர் ஒரு பெண்மணிக்கு அனுப்பிய கடிதத்தின் நகல் வெளிவந்தது. தாம் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டதையும், நாலு போர்வைகளுக்குக் குறையாமல் தைத்ததையும் அதில் அவர் தெரிவித்திருந்தார்.

சட்டம் எழுத்தைத் தடுத்தது. அவர் அதையும் தேடி அடைந்திருக்கிறார்.

கடைசிக் காலம் சுகமாக இல்லை. நிலம் சிறிது சிறிதாகக் கைவிட்டுப் போனது. கணவரும் பிரிந்து சென்றார். ஹாரியட் தையலையே நம்பிப் பிழைத்தார். அவருடைய புகைப்படம் ஒன்று இருக்கிறது. நேரே பார்த்தபடி நிற்கிறார். இடுப்பில் கட்டியிருக்கும் முன்றானைத் துணியிலும் சூரியனும் நட்சத்திரமும் வெட்டித் தைத்திருக்கிறார்.

1910 ஜனவரி முதல் தேதி, எழுபத்திரண்டாம் வயதில் அவர் காலமானார். பத்திரிகைகள் பாராட்டவில்லை, ஊர் கூடவில்லை. ஏதென்ஸ் நகரின் பழைய கறுப்பினத்தவர் இடுகாட்டில் அவர் கல்லறை புதர் மண்டிக் கிடந்தது. 2005-இல்தான் அது மறுபடி கண்டுபிடிக்கப்பட்டது.

இரண்டாவது போர்வை 1964-இல் பாஸ்டன் கலைக் காட்சிச்சாலைக்குச் சேர்ந்தது. முதல் போர்வை 1969-இல் வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் தேசியக் காட்சிச்சாலைக்கு வந்தது. ஐந்து டாலருக்குப் போன அந்தப் போர்வைக்கு இன்று விலை மதிப்பு இல்லை. அது விற்பனைக்கும் இல்லை. எந்த விலைக்கும் கொடுப்பதற்கில்லை என்று முதலில் ஹாரியட் சொன்னதே சரியான மதிப்பு என்பதை அந்த நாடு கடைசியில் ஒப்புக்கொண்டுவிட்டது.