நேசமணி வென்ற தெற்கும் இழந்த மலையும்

நவம்பர் முதல் நாள் நாகர்கோவிலில் விழா நாள். 1956ஆம் ஆண்டு அந்நாளில்தான் அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் திருவிதாங்கூர்-கொச்சியினின்று பிரிந்து கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்துடன் இணைந்தன. அதே நாளில்தான் எங்கள் போடிநாயக்கனூருக்கு மேற்கே, போடிமெட்டுக்கு அப்பால் விரிந்து கிடக்கும் ஏலமலை, புதிதாகப் பிறந்த கேரள மாநிலத்துக்கு உரியது என உறுதியாயிற்று. குமரியில் கொண்டாடப்படும் அந்நாள் போடியில் ஓசையின்றிக் கடந்து போகிறது. இவ்விரு நிகழ்வுகளுக்கும் நடுவே நின்றவர் மார்ஷல் அ. நேசமணி. ஏலமலையின் அடிவாரத்தில் பிறந்து வளர்ந்த நான், மாநிலப் பிரிவினை குறித்து அவருடைய வெற்றி கற்பிப்பதைவிட அவருடைய தோல்வி கற்பிப்பது மிகுதி என்று கருதுகிறேன்.

நேசமணி 1895ஆம் ஆண்டு ஜூன் 12 அன்று விளவங்கோடு வட்டத்துப் பள்ளியாடியில் பிறந்தார். நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியிலும் பின்னர் திருவனந்தபுரத்திலும் பயின்று சட்டப் பட்டம் பெற்று, 1921ஆம் ஆண்டு நாகர்கோவிலில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த வழக்கறிஞர்களுக்குத் தாழ்ந்த இருக்கையும் தனித் தண்ணீர்ப் பானையும் வைத்திருந்த வழக்கத்தை எதிர்த்து ஒழித்தார் என்பது அவருடைய வாழ்க்கையைச் சொல்வோர் எவரும் விடாது கூறும் செய்தியாகும். பின்னாளில் எல்லைப் போராட்டத்தில் அவர் கேட்டதும் ஏறத்தாழ இதே கேள்விதான். ஒரே அவையில் சிலருக்கு நாற்காலியும் சிலருக்குக் குட்டை இருக்கையும் ஏன் என்பதே அது.

திருவிதாங்கூர்த் தமிழர்களின் உரிமைக்காக 1945ஆம் ஆண்டின் இறுதியில் நாகர்கோவிலில் ஓர் அமைப்பு தோன்றியது. மறு ஆண்டு அது திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் என்னும் பெயரைப் பெற்றது. 1947இல் நேசமணி அதில் இணைந்தபோது அதற்கு வலிமை வாய்ந்த தலைமை கிடைத்தது. 1948ஆம் ஆண்டு வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை அளித்து நடந்த தேர்தலில், போட்டியிட்ட 18 இடங்களில் 14ஐ அக்கட்சி கைப்பற்றியது. 1949இல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே மாநிலமாக இணைந்த பின்னரும் கோரிக்கை தளரவில்லை. 1952இல் நேசமணி நாகர்கோவில் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குச் சென்றார்.

அவருடைய கட்சி கோரியவை ஒன்பது வட்டங்கள். தெற்கேயுள்ள நான்கு வட்டங்களுடன் நெய்யாற்றின்கரை, செங்கோட்டை, சித்தூர், பீருமேடு, தேவிகுளம் ஆகியவையும் அதில் அடங்கும். பள்ளியாடியில் பிறந்த ஒருவருக்குத் தேவிகுளம் தொலைவானது. அங்கே அவருக்குச் சொந்த பந்தமில்லை, வாக்கு வங்கியுமில்லை. தம் ஊர் வந்தால் போதும் என்று பேரம் பேசி முடித்திருந்தால் பழி சொல்வார் இருந்திருக்க மாட்டார்கள். ஆயினும் இறுதிவரை மலையை அவர் கைவிடவில்லை.

அந்த மலையின் வரலாற்றைச் சற்றே நினைவுகூர்வது பொருந்தும். திருவிதாங்கூர் அரசு ஏலக்காயைத் தன் தனியுரிமையாக வைத்திருந்த காலத்திலேயே ஏலத்தோட்டங்களில் பாடுபட்டோருள் மிகப் பலர் கம்பம் பள்ளத்தாக்கினர். 1877ஆம் ஆண்டு பூஞ்சாற்றுத் தலைவரிடமிருந்து மன்றோ என்னும் ஆங்கிலேயர் கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்குப் பெற்ற பிறகு தேயிலை வந்தது. கங்காணிகளின் வழியே முன்பணம் பெற்றுக்கொண்டு தென் மாவட்டங்களின் ஏழை மக்கள் மலையேறினர். மூணாற்றுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவட ஊர்தியில் கொட்டகுடிப் பள்ளத்தாக்கில் இறங்கிப் போடிநாயக்கனூர் வழியாகவே வெளியுலகைக் கண்டது. 1928இல் போடிக்கு ரயில் வந்ததற்கும் இம்மலையின் விளைபொருளே பெருங்காரணம். மலையின் உழைப்பும் சந்தையும் கிழக்கு நோக்கியே இருந்தன. நிலத்தின் ஆவணங்கள் மட்டும் மேற்கே இருந்தன.

பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பரில் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததும், அதனைத் தொடர்ந்து 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் பிறந்ததும் இந்தியாவின் வரைபடத்தையே மறு ஆய்வுக்கு உட்படுத்தின. அவ்வாண்டு டிசம்பரில் பசல் அலி தலைமையில், குன்ஸ்ரு, பணிக்கர் ஆகியோரை உறுப்பினர்களாகக் கொண்டு மாநிலங்கள் மறுசீரமைப்பு ஆணையம் அமைந்தது. திருவிதாங்கூர்-கொச்சியில் 1954 மார்ச்சில் பட்டம் தாணுப்பிள்ளையின் சோசலிஸ்டு அரசு பதவியேற்றது. தேவிகுளம், பீருமேடு பகுதிகளில் தமிழ்த் தொழிலாளர்கள் மீது அடக்குமுறை ஏவப்படுவதாகச் செய்தி வந்ததும், நேசமணி தம் தோழர்களுடன் மலைக்கு விரைந்தார். 1954 ஜூலையில் தடையாணையை மீறிக் கைதானார். அடுத்த மாதம் 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போராட்டக்காரர்கள் மீது காவல்துறை சுட்டதில் உயிர்கள் பலியாயின. தம் கட்சியின் அரசே என்றாலும் அது பதவி விலக வேண்டும் என்று ராம் மனோகர் லோகியா வலியுறுத்தியதும், அதனால் அக்கட்சி பிளவுற்றதும் இந்திய அரசியல் வரலாற்றில் அரிதான நிகழ்வுகள்.

1955 செப்டம்பர் 30 அன்று ஆணையம் தன் அறிக்கையை அளித்தது. தெற்கின் நான்கு வட்டங்களும் செங்கோட்டையும் தமிழகத்துக்கு என்றது. தேவிகுளமும் பீருமேடும் திருவிதாங்கூர்-கொச்சியிலேயே இருக்கட்டும் என்றது. நெய்யாற்றின்கரையும் சித்தூரும் வரவில்லை. செங்கோட்டையிலும் ஒரு பகுதியே இறுதியில் வந்து சேர்ந்தது. 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தேவிகுளத்தில் தமிழ் பேசுவோர் ஐயத்துக்கிடமற்ற பெரும்பான்மையினர். அதனை ஆணையம் மறுக்கவில்லை. அவர்களுள் பெரும்பாலோர் தோட்டங்களுக்குப் பிழைக்க வந்து போகிறவர்கள். ஆகவே அவர்களின் எண்ணிக்கையைக் கொண்டு எல்லையை முடிவு செய்யலாகாது என்றே அது கருதியது. மக்கள் நெருக்கம் மிகுந்த மாநிலத்துக்கு மலையின் நிலமும் நீரும் விளைபொருளும் தேவை என்னும் பொருளியல் வாதமும் உடன் சேர்ந்தது. ஆணையத்தில் ஒரு மலையாளி இருந்ததும், சென்னையில் காமராசர் அரசு போதிய அளவு வாதாடாததும் காரணங்கள் என்னும் குறை தமிழகத்தில் இன்றளவும் பேசப்படுகிறது. அக்குறைகளை நான் புறந்தள்ளவில்லை. ஆனால் அவற்றினும் ஆழமான காரணம் அறிக்கையின் தருக்கத்திலேயே இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

விளவங்கோட்டு உழவரிடம் நிலம் இருந்தது, வரிச்சீட்டு இருந்தது, குடும்பக் கல்லறை இருந்தது. மலைத் தொழிலாளியிடம் தோட்ட முதலாளியின் லயத்து அறை ஒன்றைத் தவிர வேறெதுவும் இல்லை. வேலை போனால் அதுவும் இல்லை. முன்னவர் மண்ணின் மக்களாக எண்ணப்பட்டார். பின்னவர் மண்ணின் மேல் நிற்பவராக மட்டுமே எண்ணப்பட்டார். காட்டைத் திருத்தியவரும் செடியை நட்டவரும் குழந்தைகளைப் பெற்று அங்கேயே புதைந்தவரும் வந்துபோகிறவர் என்றால், நிலைத்திருப்பதற்கு இலக்கணம் பட்டா ஒன்றே என்றாகிறது. நேசமணி வென்ற இடமும் தோற்ற இடமும் மொழியால் ஒன்றே. வேறுபட்டது நில உடைமை.

இதே காலத்தில் கடலுக்கு அப்பாலும் இத்தருக்கம் வேறொரு வடிவில் செயற்பட்டது. இலங்கை 1948இல் இயற்றிய குடியுரிமைச் சட்டம் மலையகத் தேயிலைத் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவோ-சாஸ்திரி உடன்படிக்கை அவர்களை இரு நாடுகளுக்கிடையே எண்ணிக்கையாகப் பங்கிட்டது. ஏலமலைத் தமிழர்க்கு அத்தகைய கொடுமை நேரவில்லை; இந்தியக் குடிமக்களாக வாக்குரிமையுடன் வாழ்ந்தார்கள். 1958ஆம் ஆண்டு தேவிகுளம் இடைத்தேர்தலில், எங்கள் பக்கத்துப் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசனின் தமிழ்ப் பாடல்கள் மலையெங்கும் ஒலித்து, கேரளத்தின் முதல் கம்யூனிஸ்டு அரசின் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் வெல்லத் துணை நின்றன. எல்லையை முடிவு செய்யும்போது எடையற்றுப் போனவர்கள், ஈராண்டுக்குள் ஓர் அரசுக்கே இன்றியமையாதவர்களானார்கள்.

நேசமணி கசப்பில் உறைந்துவிடவில்லை. நோக்கத்தின் பெரும்பகுதி நிறைவேறியதும் 1957இல் தம் கட்சியை இந்திய தேசிய காங்கிரசில் கரைத்தார். சென்னைச் சட்டமன்றத்திலும், 1962 முதல் மீண்டும் நாடாளுமன்றத்திலும் பணியாற்றினார். 1968 ஜூன் 1 அன்று, உறுப்பினராக இருக்கும்போதே மறைந்தார். அதனால் வந்த இடைத்தேர்தலில் 1969 ஜனவரியில் நாகர்கோவிலில் நின்று வென்றவர் காமராசர். குமரித் தந்தை என்று போற்றி அம்மாவட்டம் நேசமணிக்கு மணிமண்டபம் எழுப்பியது. அரசுப் பேருந்துக் கழகம் ஒன்றும் நெடுநாள் அவர் பெயரால் இயங்கியது. அவர் சிறைப்படத் துணிந்த மலையில் அவர் பெயரை அறிந்தோர் இன்று மிகச் சிலரே.

அந்த மலையின் கேள்வி மட்டும் அடங்கவில்லை. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பூசல் முற்றியபோது ஏலத்தோட்டத் தொழிலாளர்கள் அச்சத்தில் மலையிறங்கி வந்ததை எங்கள் பகுதி மறக்காது. 2015இல் மூணாற்றுத் தேயிலைத் தோட்டப் பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவிட்டுத் தாங்களே சாலையில் அமர்ந்து போராடினர். 2020 ஆகஸ்டில் பெட்டிமுடி நிலச்சரிவு லயங்களோடு 70 உயிர்களை வாரிக்கொண்டது. தேவிகுளம் தனித்தொகுதியின் உறுப்பினர் வென்றது செல்லாது என்று 2023இல் கேரள உயர்நீதிமன்றம் அளித்த தீர்ப்பை 2025 மே மாதம் உச்சநீதிமன்றம் நீக்கியது. அவ்வழக்கில் மதம் பற்றிய கேள்வியோடு, அவருடைய முன்னோர் 1950க்கு முன்பே அம்மண்ணில் நிலைத்தவர்களா என்னும் கேள்வியும் எழுப்பப்பட்டது. பசல் அலி ஆணையத்தின் ஐயம் எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் நீதிமன்றப் படியேறியிருக்கிறது.

ஆகவே எல்லையை மீண்டும் வரைய வேண்டும் என்பது என் முடிவன்று. பட்டம் தாணுப்பிள்ளையின் காலந்தொட்டு மலையில் குடியேற்றப்பட்ட மலையாள உழவர்களும் ஏழைகளே; அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் அம்மலையே ஊர். நாள்தோறும் விடியுமுன் போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஜீப்புகளில் மலையேறிக் காய் எடுத்துவிட்டு மாலையில் திரும்புவோருக்கு வேண்டியவை பாதுகாப்பான பயணம், நிலையான கூலி, இருமாநிலத்திலும் செல்லும் நலவாரிய உரிமை ஆகியவையே. மலையில் வாழ்வோருக்கு வேண்டியது, ஓய்வு பெற்ற மறுநாள் காலி செய்ய வேண்டிய லயத்துக்கு மாற்றாகத் தம் பெயரில் ஒரு துண்டு நிலம். போடியிலும் புற்றடியிலும் மாறி மாறி நடக்கும் ஏலத்தில் ஏலக்காய்க்கு மாநில எல்லை தடையாக இல்லை. அதைப் பறிக்கும் கைக்கு மட்டும் அது ஏன் தடையாக வேண்டும்?

தெலங்கானா 2014இல் பிரிந்தது முதல் சிறு மாநிலக் கோரிக்கைகள் நாடெங்கும் புத்துயிர் பெற்றுள்ளன. தமிழகத்திலும் 2021இல் கொங்குநாடு பற்றிய விவாதம் எழுந்து அடங்கியது. நாளை மற்றொரு பெயரில் மீண்டும் எழலாம். ஆட்சி எளிதாகும், நிதி கிடைக்கும், தலைநகர் அருகில் வரும் என்னும் வாதங்கள் அடுக்கப்படும். அவை அனைத்தும் எடைபோடத் தக்கவையே. அவற்றுக்கு முன்னதாக, வரையப்படவிருக்கும் கோட்டின் மேல் நிலமின்றி நிற்பவர்கள் யார், அவர்களின் வாக்கு எவ்வளவு எடை பெறும், கோடு விழுந்த மறுநாள் அவர்கள் எந்த அரசின் பொறுப்பு என்னும் வினாக்களுக்கு விடை வேண்டும். அவ்விடை இல்லாத எந்தப் பிரிவினைத் திட்டமும் நாற்காலிகளோடு குட்டை இருக்கைகளையும் சேர்த்தே செய்துவைக்கும்.